ஏஸ் சோடி வந்தால் எத்தனை கொட்டை போடுவது?

புதுக்குடியிருப்பிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "அறுவடை முடிந்ததும் இரவில் ஆறு பேர் கூடி நோ-லிமிட் போக்கர் விளையாடுகிறோம். காசு இல்லை, ஆளுக்கு 200 புளியங்கொட்டை. பிளைண்ட் (தாள் போடுமுன் இருவர் கட்டாயம் வைப்பது) 1, 2. எனக்கு ஏஸ் சோடி வந்தது. 4 போட்டேன், ஐந்து பேரும் உள்ளே வந்தார்கள், தோற்றேன். அடுத்த முறை 200ஐயும் தள்ளினேன், எல்லாரும் தாளைக் கவிழ்த்துவிட்டார்கள். எத்தனைதான் போடுவது?"

உங்கள் மேசைக்கு 10 போடுங்கள். பொதுவாகச் சொல்லும் கணக்கு பெரிய பிளைண்டின் இரண்டரை, மூன்று மடங்கு; அதாவது 5 அல்லது 6. ஆனால் அது தாளைக் கவிழ்க்கத் தெரிந்தவர்களோடு ஆடும்போது. உங்கள் கூட்டாளிகள் பிளொப் (மேசையில் முதலில் திறக்கும் மூன்று பொதுத் தாள்) பார்க்காமல் நித்திரைக்குப் போகமாட்டார்கள் போலிருக்கிறது.

நீங்கள் 4 போட்டதும் நடுவில் 7 கொட்டை சேர்ந்தது. வேறு யாரும் வராவிட்டால்கூட, பெரிய பிளைண்டில் இருப்பவர் இன்னும் 2 போட்டால் போதும், மொத்தம் 9. 9இல் 2 பங்கு, அதாவது 22 வீதம் வெல்லும் தாளே அவருக்குக் கட்டும். அவர் வந்தது பிழையில்லை, அழைத்தது நீங்கள். 10 போட்டிருந்தால் அவர் 8 போடவேண்டும். 21இல் 8, அதாவது 38 வீதம் தேவை.

இன்னொன்றைப் பாருங்கள். 4க்கு ஆறு பேரும் வந்தால் நடுவில் 24. 10க்கு பிளைண்ட் அல்லாத ஒருவர் மட்டும் வந்தால் 23. பானை, அதாவது நடுவில் சேரும் கொட்டை, கிட்டத்தட்ட ஒன்றுதான். ஆனால் கண்ணை மூடிக்கொண்டு வரும் ஐந்து பேருக்கு எதிராக ஏஸ் சோடி வெல்வது 49 வீதம், ஒருவருக்கு எதிராக 85 வீதம்.

சரி, ஏஸுக்கு 10, மற்றதுக்கு 5 என்று வைத்துக்கொள்ளலாமா? கூடாது. இது எங்கள் 304 சீட்டாட்டப் பழக்கம். அங்கே ஒருவர் கூட்டிக் கேட்டால் கையில் நல்ல தாள் இருக்கிறது என்றுதான் அர்த்தம், கேட்பதே அதற்குத்தான். போக்கரில் அப்படி ஆடினால் இரண்டாம் நாளே உங்கள் கையைப் படித்துவிடுவார்கள். (J பெரிது, ஏஸ் அதைவிடச் சின்னது என்ற 304 ஞாபகத்தையும் வாசலிலேயே விட்டுவிடுங்கள்.) ஏற்றி ஆட முடிவெடுத்த எந்தத் தாளுக்கும் அதே 10. விலை கூடியதால் ஏற்றி ஆடும் தாள்களைக் கொஞ்சம் குறைக்கவேண்டிவரும், அவ்வளவுதான்.

உங்களுக்கு முன்னே வெறும் 2 போட்டு நுழைந்தவர்கள் இருந்தால் ஆளுக்கு 2 கூட்டுங்கள்: இருவர் என்றால் 14. வேறொருவர் 10க்கு ஏற்றிவிட்டு, அவருக்குப் பின்னால் நீங்கள் பேசுகிறீர்கள் என்றால், மூன்று மடங்கு, 30. பிளைண்டில் இருந்தால் 40. பிளொப்புக்குப் பிறகு ஒவ்வொரு சுற்றிலும் அவருக்கு முன்னே பேசவேண்டிய கரைச்சலுக்கான விலை அது.

முழுவதையும் தள்ளுவதற்கும் ஒரு நேரம் உண்டு: கையில் 20 கொட்டை மிஞ்சும்போது. அப்போது 10 போட்டாலே பாதி போய்விடும், பிறகு பின்வாங்க மனமும் வராது. யாரும் வராவிட்டாலும் கிடைக்கும் அந்த 3 கொட்டை, இருப்பதில் ஏழில் ஒன்று. 200 வைத்திருந்த அன்று நீங்கள் ஏஸ் சோடியைக் காட்டி வாங்கியதும் அதே 3தான்.