யூபோனியத்தில் பெல்ட் பக்கிள் கீறல்கள்

மடியில் வைத்து வாசிக்கும்போது உங்கள் யூபோனியத்தின் (பித்தளை ஊதுகருவி) பின்புறத்தில், பெல்ட் பக்கிளும் சட்டைப் பொத்தான்களும் உரசும் இடத்தில் கீறல்கள் விழுவதாக எழுதியிருந்தீர்கள். பித்தளையின் மேலுள்ள லேக்கர் மிக மெல்லிய பூச்சு. கீறல் அதைக் கடந்துவிட்டால், வியர்வையும் காற்றும் நேரடியாகப் பட்டு உலோகம் அங்கே கறுக்கத் தொடங்கும் என்பதால், இப்போதே கவனிப்பது நல்லது.

பெல்ட்டைக் கழற்றிவிட்டு வாசிப்பதே மிக உறுதியான வழி. சீருடை காரணமாக அது இயலாதெனில், பொத்தானோ ஜிப்போ இல்லாத தடித்த பருத்தித் துணியை மார்பிலிருந்து மடிவரை ஏப்ரன்போலக் கட்டிக்கொள்ளுங்கள். அந்தத் துணியை அடிக்கடி துவைக்க வேண்டும், ஏனெனில் அதில் ஒட்டிய மணல்துகளே பக்கிளுக்கு இணையாகக் கீறிவிடும். கருவியின்மேல் தோலுறை கட்டுவதைவிட இதையே நான் விரும்புகிறேன். உறையின் அடியில் வியர்வை தேங்கிப் பூச்சைக் கெடுப்பதுண்டு. கட்டியே ஆகவேண்டுமெனில், வாசித்து முடித்ததும் அதைக் கழற்றி இரு பக்கமும் துடையுங்கள். வெள்ளி முலாம் பூசிய கருவிக்கு ரப்பர் விரிப்பு வேண்டவே வேண்டாம், அதிலுள்ள கந்தகம் வெள்ளியைக் கறுக்கச் செய்யும்.

ஏற்கெனவே விழுந்த கீறல்களின்மேல் பித்தளைப் பாலிஷ் தேய்க்காதீர்கள். அதிலுள்ள தேய்பொருள் சுற்றியுள்ள லேக்கரையும் அரித்துவிடும். மென்மையான மைக்ரோஃபைபர் துணியால் அழுத்தாமல் துடைத்தால் போதும்.