கவுன்டருக்கு அந்தப் பக்கம் எத்தனை பேர்? சேலம் வாசகர் கேள்விகள்

"அங்கன்வாடிக்கு வரும் அதிகாரிகள் எல்லாரும் 'ஏன் பாடம் நடக்கவில்லை' என்றே கேட்கிறார்கள். எடை பார்க்கவும் பதிவேடு எழுதவுமே நேரம் போய்விடுகிறது. இதை யாராவது ஆராய்ந்திருக்கிறார்களா?" – பணியாளர், அயோத்தியாப்பட்டணம்

ஆராய்ந்திருக்கிறார்கள், அதுவும் தமிழ்நாட்டிலேயே. கனிமியன், கார்த்திக் முரளிதரன், வால்டர்ஸ் என்ற மூன்று பொருளியலாளர்கள் 320 அங்கன்வாடிகளை எடுத்துக்கொண்டார்கள். குலுக்கல் முறையில் பாதி மையங்களுக்கு மட்டும் அரைநாள் வேலைக்குக் கூடுதலாக ஓர் ஆள். பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பதுதான் அவருக்குப் பிரதான வேலை.

கற்பிக்கும் நேரம் இரண்டு மடங்கானது. 18 மாதம் கழித்துப் பார்த்தால், மையத்தில் தொடர்ந்த பிள்ளைகள் கணக்கிலும் மொழியிலும் தெளிவாக முன்னேறியிருந்தார்கள். அந்த மையங்களில் வயதுக்கேற்ற உயரம் இல்லாத பிள்ளைகளும், கடும் ஊட்டச்சத்துக் குறைபாடு உள்ளவர்களும் குறைவு. பாடம் எடுக்க வந்தவரால் உயரம் எப்படிக் கூடும்? பழைய பணியாளருக்கு வேலைச் சுமை குறைந்தது. சத்துணவையும் உடல்நலத்தையும் கவனிக்க நேரம் கிடைத்தது. செலவைவிடப் பலன் பல மடங்கு என்கிறது அவர்கள் கணக்கு. எனவே, அடுத்த முறை அதிகாரி வந்தால் "இன்னொரு ஆள் கொடுங்கள்" என்று தயங்காமல் கேளுங்கள். அது சோம்பேறியின் சாக்கு அல்ல.

"ஆய்வு என்று சொல்லி, குலுக்கலில் ஒரு திட்டத்தைப் பக்கத்து ஊருக்குக் கொடுத்து எங்களை விடுவது நியாயமா?" – ஓமலூர்

எல்லாருக்கும் கொடுக்கப் பணம் இருந்து, பலனும் உறுதியாகத் தெரிந்திருந்தால் நியாயமில்லை. இரண்டும் இல்லாதபோது, எம்.எல்.ஏ. சிபாரிசைவிடக் குலுக்கல் எவ்வளவோ மேல்.

"காப்பித் தோட்ட வேலையில் அம்மாவின் ரேகை தேய்ந்துவிட்டது. ரேஷன் கடை மெஷினில் விழுவதில்லை. மலையிறங்கி வந்து வெறுங்கையோடு திரும்புகிறார். இதுதான் சீர்திருத்தமா?" – நாகலூர், ஏற்காடு

இல்லை. ஜார்க்கண்டில் ரேஷனுக்குக் கைரேகையைக் கட்டாயமாக்கியதை முரளிதரன், நீஹாஸ், சுக்தங்கர் ஆராய்ந்தார்கள். கைரேகையால் மட்டும் கசிவு, அதாவது பொருள் உரியவருக்குப் போகாமல் இடையில் காணாமல் போவது, குறைந்ததாகத் தெரியவில்லை. ஆதாரை இணைக்காத குடும்பங்கள்தான் பொருளை இழந்தன. இதே மூவர் ஆந்திராவில் நூறு நாள் வேலைக் கூலிக்கான, கைரேகையோடு இணைந்த ஸ்மார்ட் கார்டை ஆராய்ந்தபோது, பணம் சீக்கிரம் வந்தது, கசிவும் குறைந்தது. தொழில்நுட்பம் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஆந்திராவில் கார்டு இல்லாதவர்களுக்கும் கூலி கொடுக்க வழி விட்டிருந்தார்கள். பயனாளிக்குச் சுலபமாக இருக்க வேண்டும் என்பது அங்கே நோக்கம். ஜார்க்கண்டில் அரசுக்கு மிச்சம் பிடிப்பது.

சரி, அம்மாவுக்கு என்ன செய்யலாம்? ரேகை விழவில்லை என்பதற்காகப் பொருளை மறுக்கக் கூடாது என்று மத்திய உணவுத் துறை 2017 அக்டோபரிலேயே மாநிலங்களுக்கு எழுதிவிட்டது. கடைக்காரர் திருப்பி அனுப்பினால் 1967-க்குப் போன் செய்யுங்கள். வட்ட வழங்கல் அலுவலருக்கு மனு எழுதி, அம்மாவுக்குப் பதில் வேறொருவர் வாங்க அனுமதி கேளுங்கள். மனுவின் நகலில் முத்திரை வாங்க மறக்காதீர்கள்.

"பட்டா மாறுதல் மனு மாதக்கணக்கில் கிடக்கிறது. இத்தனை நாளில் முடிக்க வேண்டும் என்று சட்டம் இல்லையா?" – வாழப்பாடி

மத்தியப் பிரதேசம் 2010-இல் அப்படி ஒரு சேவை உரிமைச் சட்டம் கொண்டுவந்தது. தாமதித்தால் அதிகாரிக்கு அபராதம். கர்நாடகத்தில் அதன் பெயர் 'சகாலா'. தமிழ்நாடு இன்னும் பேசிக்கொண்டுதான் இருக்கிறது. சட்டம் வந்தால் நல்லது. ஆனால் ஒரே வி.ஏ.ஓ. இரண்டு மூன்று கிராமத்தைக் கூடுதல் பொறுப்பாகச் சுமந்தால் அபராதம் என்ன செய்யும்? சர்வேயர் பணியிடம் காலியாக இருந்தால் யாருக்கு அபராதம் போடுவது?

அதுவரை கையில் இருப்பது தகவல் உரிமைச் சட்டம். கட்டணம் 10 ரூபாய், கெடு 30 நாள். "ஏன் தாமதம்?" என்று கேட்காதீர்கள், "பரிசீலனையில் உள்ளது" என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். மனு எந்தத் தேதியில் எந்தப் பதவியில் இருப்பவரிடம் போனது, அவரிடம் எத்தனை நாள் இருந்தது, அவர் எழுதிய குறிப்பின் நகல் என்று வரிசையாகக் கேளுங்கள். பல ஃபைல்கள் பதில் தயாரிக்கும்போதே நகர ஆரம்பித்துவிடும்.

"எம்.ஏ. பொருளாதாரம் படிக்கிறேன். கொள்கை ஆய்வுக்குப் போக டெல்லிதான் கதியா?" – பெரியார் பல்கலைக்கழக மாணவி

வேண்டாம். சென்னையில் 1971-இல் மால்கம் ஆதிசேஷையா தொடங்கிய எம்.ஐ.டி.எஸ். (சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனம்) இருக்கிறது; மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸ் இருக்கிறது. தேசிய மாதிரி ஆய்வின் குடும்பவாரி விவரங்களைப் புள்ளியியல் அமைச்சகத்தின் தளத்திலேயே இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். ஆனால் அதற்கு முன், ஒரு நாள் முழுக்க ஏதாவது ஒரு தாலுகா ஆபீஸ் பெஞ்சில் உட்கார்ந்து யார் வருகிறார்கள், யார் திரும்பிப் போகிறார்கள் என்று எழுதுங்கள். உங்கள் ஆய்வுக் கேள்வி பெரும்பாலும் மதியத்துக்குள் கிடைத்துவிடும்.