கடைப் பெயரில் வரும் நாய்த் தீவனத்தை நம்பி வாங்கலாமா?

கேள்வி: ஒட்டன்சத்திரம் பக்கம் தென்னந்தோப்பும் ஆட்டுப்பட்டியும் வைத்திருக்கிறேன். காவலுக்கு 20 கிலோ எடையுள்ள ஒரு நாட்டு நாயும், ஐந்து மாத ராஜபாளையம் குட்டி ஒன்றும் உள்ளன. விளம்பரத்தில் வரும் நாய்த் தீவனங்கள் எனக்குக் கட்டுப்படியாகவில்லை. டவுனில் உள்ள ஒரு பெரிய கடை, தன் சொந்தப் பெயர் போட்டுக் குறைந்த விலைக்கு மூட்டை விற்கிறது. அதை வாங்கலாமா? பக்கத்துத் தோட்டத்துக்காரர் தம் நாய்க்குக் கறிக்கோழித் தீவனத்தையே கஞ்சியில் கலந்து வைக்கிறார். அது போதுமா?

பதில்: இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அது உயிர் சம்பந்தப்பட்டது. கோழித் தீவனத்தை நாய்க்கு வைக்கவே கூடாது. கறிக்கோழித் தீவனத்தில் இரத்தக்கழிச்சல் நோயைத் தடுப்பதற்காக மோனென்சின், சாலினோமைசின் போன்ற மருந்துகளைச் சேர்ப்பது வழக்கம். கோழி தாங்கிக்கொள்ளும் அந்த அளவு நாயின் தசைகளையும் இதயத்தையும் பாதிக்கக்கூடியது, பின்னங்கால்கள் வலுவிழந்து நாய் எழ முடியாமல் போவது அதன் முதல் அறிகுறியாக இருக்கலாம். முட்டைக்கோழித் தீவனத்திலோ ஓடு உருவாவதற்காக ஏறத்தாழ 4 சதவீதம் வரை சுண்ணாம்புச்சத்து இருக்கும், அது நாய்க்கு மிக அதிகம். மாட்டுத் தீவனம் சிலவற்றில் யூரியாவும் உண்டு. பக்கத்துத் தோட்டத்துக்காரரிடமும் இதைத் தயவுசெய்து சொல்லுங்கள்.

இனி கடைப் பெயர் மூட்டைக்கு வருவோம். வாங்கலாம், ஆனால் மூட்டையின் முன்பக்கத்தில் உள்ள நாய்ப் படத்தைப் பார்த்து அல்ல, பின்பக்கத்தில் பொடி எழுத்தில் உள்ளவற்றைப் படித்துவிட்டு வாங்குங்கள். சொந்தப் பெயரில் விற்கும் கடைகள் பெரும்பாலும் தாங்களே ஆலை நடத்துவதில்லை. பல பெயர்களுக்குத் தீவனம் செய்து கொடுக்கும் ஓர் ஆலையிடம் ஒப்பந்தத்தில் வாங்கித் தங்கள் பையில் நிரப்புகிறார்கள். 2007 மார்ச்சில் வட அமெரிக்காவில் மெனு ஃபுட்ஸ் என்ற நிறுவனம் 6 கோடிக்கும் அதிகமான தீவன டப்பாக்களையும் உறைகளையும் திரும்பப் பெற்றபோது, விலை உயர்ந்தவையும் கடைப் பெயரில் வந்த மலிவானவையுமாக ஏறத்தாழ நூறு பெயர்கள் அந்தப் பட்டியலில் இருந்தன. ஆகவே பெயர் பெரிதாக இருப்பதால் மட்டும் தரம் வந்துவிடாது, பெயர் சிறியதாக இருப்பதால் தரம் போய்விடவும் செய்யாது. உங்கள் மூட்டையில் விற்பவர் பெயரோடு தயாரித்த ஆலையின் பெயரும் முகவரியும், தொகுதி எண்ணும் (பேட்ச் நம்பர்), தயாரித்த மாதமும், காலாவதி மாதமும் இருக்கின்றனவா என்று பாருங்கள். விற்பவர் பெயர் மட்டும் இருந்து தயாரித்தவர் பெயர் இல்லாத மூட்டையை, விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் நான் பரிந்துரைக்க மாட்டேன்.

அடுத்து, 'முழுமையான, சமச்சீரான உணவு' என்ற பொருளில் ஒரு வாசகம் அச்சிடப்பட்டிருக்க வேண்டும். அது எந்தப் பருவத்துக்கு, அதாவது வளரும் குட்டிக்கா, வளர்ந்த நாய்க்கா, எல்லாப் பருவத்துக்குமா என்பதும் அதிலேயே தெரிய வேண்டும். 'துணை உணவு' என்று போட்டிருந்தால் அது நொறுக்குத் தீனிதான், அதை மட்டும் நம்பி நாயை வளர்க்க முடியாது.

சத்துகளின் அளவைப் பொறுத்தவரை, அமெரிக்கத் தீவனக் கட்டுப்பாட்டு அலுவலர் சங்கத்தின் அட்டவணையைப் பல நாடுகளிலும் அளவுகோலாகக் கொள்கிறார்கள். ஈரத்தை நீக்கிய கணக்கில், வளர்ந்த நாய்க்குக் குறைந்தது 18 சதவீதம் புரதமும் 5.5 சதவீதம் கொழுப்பும், குட்டிக்குக் குறைந்தது 22.5 சதவீதம் புரதமும் 8.5 சதவீதம் கொழுப்பும் வேண்டும் என்கிறது அது. மூட்டையில் உள்ள எண்ணோ ஈரத்தோடு சேர்த்த எண். ஈரப்பதம் 10 சதவீதம் என்றால் புரத எண்ணை 90 ஆல் வகுத்து 100 ஆல் பெருக்கினால் உண்மையான ஒப்பீடு கிடைக்கும்.

விவசாயிகள் பலரும் ஏமாறுவது கிலோ விலையில்தான் என்பதால், அதை ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கோடு விளக்குகிறேன். கிலோ 130 ரூபாய்க்கு ஒரு மூட்டை இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் புரதம் 18, கொழுப்பு 5, நார் 6, ஈரம் 12, சாம்பல்சத்து (எரித்தால் மிஞ்சும் தாது உப்புகள்) 11 சதவீதம். இவற்றைக் கூட்டினால் 52, மீதி 48 சதவீதம் மாவுச்சத்து. புரதத்தையும் மாவுச்சத்தையும் 3.5 ஆலும் கொழுப்பை 8.5 ஆலும் பெருக்கிக் கூட்டினால் 100 கிராமுக்கு ஏறத்தாழ 274 கிலோ கலோரி வரும். இன்னொரு மூட்டை கிலோ 160 ரூபாய். அதில் புரதம் 24, கொழுப்பு 12, நார் 4, ஈரம் 10, சாம்பல்சத்து 8, மாவுச்சத்து 42 சதவீதம். அதே கணக்கில் 333 கிலோ கலோரி. உங்கள் 20 கிலோ நாய்க்கு ஒரு நாளைக்குத் தோராயமாக 1,050 கிலோ கலோரி தேவை. முதல் தீவனத்தில் அதற்கு 385 கிராம் வைக்க வேண்டும், இரண்டாவதில் 315 கிராம் போதும். இரண்டிலுமே ஒரு நாள் செலவு 50 ரூபாய்தான். கிலோவுக்கு 30 ரூபாய் மிச்சம் என்று நீங்கள் நினைத்தது தட்டில் கூடுதலாக விழுந்து, பெரும்பகுதி சாணமாக வெளியேறிவிடுகிறது. இத்தனைக்கும் அந்த முதல் மூட்டை வளர்ந்த நாய்க்கான குறைந்த அளவை எட்டிவிட்ட ஒன்றுதான். அதைத் தரமற்றது என்று சொல்ல முடியாது, மலிவானது என்றும் சொல்ல முடியாது. குட்டிக்கோ அது அறவே போதாது. சாம்பல்சத்து அச்சிடப்படாத மூட்டைகளில் அதை 8 என்று வைத்துக் கணக்குப் போடுங்கள்.

எண்ணைப் பார்த்தது போலவே பொருள்களின் பட்டியலையும் பாருங்கள். எடை அதிகமுள்ள பொருளை முதலில் எழுதுவது முறை. பச்சைக் கோழி இறைச்சியில் ஏறத்தாழ முக்கால் பங்கு நீர் என்பதால், அது முதலில் இருந்தாலும் காய்ந்த பிறகு அதன் பங்கு சுருங்கிவிடும். 'கோழி இறைச்சித் தூள்' என்று இரண்டாவது இடத்தில் இருப்பது சில நேரங்களில் அதைவிட அதிகப் புரதத்தைத் தரும். மக்காச்சோளமும் அரிசிக் குருணையும் இருப்பதைக் கண்டு அஞ்ச வேண்டாம், வேகவைத்த மாவுச்சத்தை நாய் நன்றாகவே செரிக்கும். ஆனால் மக்காச்சோளம், கோதுமைத் தவிடு, அரிசித் தவிடு, சோயா என்று முதல் நான்கு இடங்களையும் தானியமும் பிண்ணாக்கும் பிடித்துக்கொண்டு, 'விலங்குவழிப் பொருள்கள்' என்று பெயர் சொல்லாத ஒன்று கடைசியில் வந்தால் தயங்குங்கள். மூட்டையில் உள்ள புரதம் என்பது நைட்ரஜனை அளந்து 6.25 ஆல் பெருக்கிய எண் மட்டுமே. கருவாட்டுத் தூளில் யூரியா கலந்து புரதத்தை உயர்த்திக் காட்டும் மோசடி கோழிப்பண்ணையாளர்களுக்கு நன்கு தெரியும். 2007இல் மெனு ஃபுட்ஸ் திரும்பப் பெற்ற அந்தத் தீவனத்தைத் தின்ற நாய்களும் பூனைகளும் சிறுநீரகம் கெட்டு இறந்ததும், கோதுமைப் பசையப் புரதத்தில் கலந்திருந்த மெலமின் என்ற நைட்ரஜன் பொருளால்தான். எண்ணோடு, அது எதிலிருந்து வந்தது என்பதும் எழுதப்பட்டிருக்க வேண்டும் என்று நான் வலியுறுத்துவது அதனால்தான்.

ராஜபாளையம் குட்டிக்குத் தனி மூட்டை வாங்குங்கள், இதில் சிக்கனம் வேண்டாம். உயரமாக வளரும் இனங்களுக்கு ஒரு வயது வரை எலும்பு வளர்ச்சி வேகமாக இருக்கும். குட்டிகளுக்கான தீவனத்தில் சுண்ணாம்புச்சத்து 1.2 முதல் 1.8 சதவீதத்துக்குள் இருந்தால் நல்லது. அதற்கு மேல் கால்சியம் டானிக்கோ எலும்புத் தூளோ சேர்க்கக் கூடாது. கூடுதல் கால்சியம் காலை வலுவாக்கும் என்ற எண்ணம் கிராமங்களில் பரவலாக இருக்கிறது. உண்மையில் அது எலும்பும் மூட்டும் கோணலாக வளரவே வழி செய்யும்.

கடையில் ஒரு வேண்டுகோள்: வாய் திறந்த மூட்டையிலிருந்து அள்ளி எடைபோட்டுத் தரும் உதிரித் தீவனத்தை வாங்காதீர்கள். அதற்குத் தொகுதி எண்ணும் கிடையாது, எத்தனை நாள் காற்றுப்பட்டது என்ற கணக்கும் கிடையாது. வீட்டுக்கு வந்து மூட்டையைப் பிரித்ததும் ஒரு கைப்பிடி எடுத்து முகர்ந்து பாருங்கள். பழைய எண்ணெய் போன்ற சிக்கு வாடை வந்தால் கொழுப்பு கெட்டுவிட்டது. விரலால் நசுக்கினால் ஈரமாக அழுந்தினாலோ, துண்டுகள் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தாலோ, ஓரத்தில் பச்சையாகவோ வெள்ளையாகவோ பூஞ்சணம் தெரிந்தாலோ மூட்டையைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். மக்காச்சோளத்தில் வளரும் பூஞ்சணம் உண்டாக்கும் அஃப்ளாடாக்சின் நாயின் கல்லீரலைக் கெடுக்கும். வேகவைத்தாலும் அந்த நச்சு போகாது, பார்வைக்குத் தெரியாமலும் இருக்கும். நாய் சாப்பிட மறுத்து, வாந்தி எடுத்து, கண்ணும் ஈறும் மஞ்சளித்தால் அன்றே கால்நடை மருத்துவரிடம் கொண்டு செல்லுங்கள்.

பிரித்த மூட்டையை அப்படியே மூடியுள்ள டிரம்முக்குள் இறக்கி, தரையில் படாமல் பலகை மேல் வையுங்கள். தோப்பு வீட்டில் எலி வராமல் இராது. எலியின் சிறுநீர் பட்ட தீவனம் நாய்க்கு மட்டுமின்றி உங்களுக்கும் எலிக்காய்ச்சலைக் கொண்டுவரும். ஆறு வாரங்களுக்குள் தீரும் அளவுக்கு மட்டும் வாங்குங்கள், ஐப்பசி கார்த்திகை மழையில் இன்னும் சிறிய மூட்டையே நல்லது.

செலவைக் குறைக்க நாட்டு நாயின் தீவனத்தோடு சிறிது சோறு சேர்ப்பதில் தவறில்லை. ஆனால் சோறு பாதியைத் தொட்டுவிட்டால் புரதமும் தாது உப்புகளும் நீர்த்துப்போகும். அப்போது அவித்த முட்டையோ முள் நீக்கிய மலிவு விலை மீனோ சேர்க்க வேண்டும். வெங்காயம் போட்ட குழம்பும், வேகவைத்த கோழி எலும்பும் வேண்டாம். குட்டிக்குச் சோற்றுக் கலப்பே வேண்டாம்.

புதிய மூட்டைக்கு மாறும்போது பழைய உணவில் கால் பங்கு, அரைப் பங்கு என்று கூட்டி, ஏழு முதல் பத்து நாட்களில் முழுமையாக மாற்றுங்கள். அதன் பிறகு ஒரு மாதம் சாணத்தைக் கவனியுங்கள். அளவு குறைந்து உருண்டு கெட்டியாக வந்தால் தீவனம் உடலில் சேர்கிறது, குவியலாகவும் தளர்ந்தும் வந்தால் சேரவில்லை. விலாவைத் தடவினால் எலும்பு கையில் தட்டுப்பட வேண்டும், கண்ணுக்குத் துருத்திக்கொண்டு தெரியக் கூடாது. அதைப் பார்த்து அளவைக் கூட்டவோ குறைக்கவோ செய்யுங்கள்.

மூட்டை தீரும் வரை தொகுதி எண் உள்ள பகுதியைக் கிழித்து எறியாமல் வைத்திருங்கள். சந்தேகம் வந்தால் கையிலிருக்கும் தீவனத்தில் அரைக் கிலோவை ஈரம் புகாத பையில் கட்டி, நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில் உள்ள தீவனப் பகுப்பாய்வு ஆய்வகத்துக்குக் கொடுத்தால், கட்டணம் பெற்றுக்கொண்டு புரதம், ஈரப்பதம், அஃப்ளாடாக்சின் ஆகியவற்றைச் சோதித்துத் தருவார்கள். அந்த முடிவும் தொகுதி எண்ணும் கையில் இருந்தால்தான் கடையிலும் ஆலையிலும் உரிமையோடு கேட்க முடியும்.