வாசகர் கேட்டவை: யூதவியலுக்குப் பூட்டா?

கேள்வி: என் அண்ணன் மகள் அமெரிக்காவில் ஓர் அரசுப் பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். வரலாற்றோடு யூதவியலையும் (யூதர்களின் வரலாறு, மொழி பற்றிய படிப்பு) மேஜராக, அதாவது பட்டத்துக்கான முதன்மைப் பாடமாக, எடுக்கும் எண்ணத்தில் இருந்தாள். அடுத்த ஆண்டிலிருந்து அந்த மேஜருக்குச் சேர்க்கை ‘நிறுத்திவைக்கப்படுகிறது’ என்று மெயில் வந்திருக்கிறதாம். மூடுகிறோம் என்றே சொல்லிவிடலாமே, இது என்ன புது வார்த்தை? – வாசகி, திருச்சி

பதில்: புது வார்த்தை இல்லைங்க, அங்கே ரொம்ப நாளாகப் புழங்குவதுதான். ஒரு படிப்பை அடியோடு மூட வேண்டும் என்றால் ஆசிரியர் பேரவை, நிர்வாகக் குழு, சில மாநிலங்களில் அதற்கும் மேலே ஓர் ஆணையம் என்று பல படி ஏற வேண்டும். நிறுத்திவைப்பதற்கு அவ்வளவு அலைச்சல் கிடையாது. அப்புறம் இந்தப் படிப்பின் பெயருக்கென்றே யாராவது நன்கொடை வைத்திருப்பார்கள், மூடிவிட்டோம் என்று சொன்னால் அந்தக் குடும்பம் வந்து கேட்கும். பெயர்ப்பலகை அப்படியே இருக்கும், புது ஆள் மட்டும் சேர முடியாது. சில வருடம் அப்படிக் கிடந்த பிறகு யாருக்கும் தெரியாமல் பட்டியலிலிருந்து எடுத்துவிடுவார்கள். திரும்பத் திறந்ததும் உண்டு, ஆனால் அதை நம்பி உட்கார்ந்திருக்காதீர்கள்.

உங்கள் அண்ணன் மகளுக்கு இன்னும் வழி இருக்கிறது. அங்கே பெரும்பாலும் முதல் நாளே மேஜர் எடுப்பதில்லை, இரண்டாம் ஆண்டு முடிவதற்குள் எழுதிக் கொடுப்பதுதான் வழக்கம். கடைசித் தேதிக்கு முன்னால் எழுதிக் கொடுத்தவர்கள் படித்து முடிக்கிறவரை வகுப்பு நடத்திக் கொடுக்க வேண்டியது பல்கலைக்கழகத்தின் பொறுப்பு. அதனால் இந்த வாரமே போய்க் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள். கட்டாயப் பாடங்கள் எந்த செமஸ்டரில் நடக்கும், இரண்டாம் ஆண்டு எபிரேயம் (யூதர்களின் பழைய மொழி) யார் எடுப்பார்கள் என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளட்டும். வாயால் சொன்னதை அடுத்த டீன் வந்தால் யாரும் ஞாபகம் வைத்திருக்க மாட்டார்கள்.

கேள்வி: இது யூதர்கள் மீதான வெறுப்பில் செய்வதா? – வாசகர், மதுரை

பதில்: அப்படி எடுத்த எடுப்பில் சொல்லிவிட மாட்டேன். பெரும்பாலும் இது தலைக்கணக்கு. இந்தியானா மாநிலத்தையே பாருங்கள், 2025இல் பட்ஜெட் சட்டத்துக்குள்ளேயே ஒரு விதியைச் சேர்த்தார்கள்: இளநிலைப் படிப்பு என்றால் மூன்றாண்டு சராசரியாக வருடத்துக்கு 15 பேராவது பட்டம் வாங்க வேண்டும், முதுநிலைக்கு 7, முனைவர் பட்டத்துக்கு 3. அதற்குக் கீழே போனால் மாநில உயர்கல்வி ஆணையத்திடம் போய் அனுமதி கேட்டு நிற்க வேண்டும். அந்த ஜூன் மாதக் கடைசியிலேயே, சட்டம் முழுசாக நடைமுறைக்கு வருவதற்கு முன்பே, மாநிலத்தின் ஆறு அரசுக் கல்வி நிறுவனங்கள் 400க்கும் மேற்பட்ட படிப்புகளைத் தாங்களாகவே நிறுத்தவோ இணைக்கவோ முன்வந்தன. மொழி, இலக்கியப் படிப்புகள் அதில் நிறைய அடிபட்டன.

யூதவியல் மாதிரி ஒரு படிப்பு இந்தக் கணக்கில் எப்போதுமே தோற்கும். யூத இனப்படுகொலை பற்றிய வகுப்பு என்றால் அறை நிறைய ஆள் இருப்பார்கள், எல்லாரும் பொறியியல், உளவியல், வணிகம் படிக்கிறவர்கள், பொதுப் பாடத்துக்காக வந்தவர்கள். மேஜர் எடுத்தவர் அதில் இரண்டு பேர் இருந்தால் அதிகம். அந்த இரண்டு பேரும் மேலே கேட்ட திருச்சி வாசகியின் அண்ணன் மகள் மாதிரி வரலாற்றையும் சேர்த்து எடுத்திருப்பார்கள், முதல் மேஜரை மட்டும் எண்ணுகிற இடமாக இருந்தால் அவர்கள் வரலாற்றுத் துறைக் கணக்கில் போய்விடுவார்கள். எண்ணுகிறவர் கையில் இருப்பது பட்டம் வாங்கியவர் பட்டியல்தான், நிறைந்த அறையை அவர் பார்ப்பதில்லை.

கேள்வி: யூதவியல் என்றால் மதகுரு ஆவதற்கான படிப்புதானே? – வாசகர், கோவை

பதில்: இல்லை. ரப்பி ஆவதற்குத் தனிப் பள்ளிகள் இருக்கின்றன. இது வரலாறு, மொழி, இலக்கியம், சமூகவியல் எல்லாம் கலந்தது. இதற்குப் பல்கலைக்கழகத்தில் ஓர் இடம் கேட்டே அலைந்திருக்கிறார்கள். 1848இல் லியோபோல்ட் சுன்ஸ் என்ற யூத அறிஞர் பெர்லின் பல்கலைக்கழகத்தில் இதற்கு ஒரு பேராசிரியர் பதவி கேட்டுப் பிரஷ்ய அரசுக்கு மனுப்போட்டார், முடியாது என்று திருப்பிவிட்டார்கள். பெர்லினில் 1872இல் யூதர்களே தங்கள் காசில் ஓர் உயர்கல்விக் கூடம் திறந்தார்கள், அதை 1942இல் நாஜிகள் மூடினார்கள். (மதுரை வாசகரே, வெறுப்பில் மூடுவது என்றால் அது.) அமெரிக்காவில் ஹார்வர்ட் 1925இல் ஹாரி வுல்ஃப்சனுக்கும், கொலம்பியா 1930இல் சாலோ பாரனுக்கும் இதற்கான பேராசிரியர் இருக்கை கொடுத்த பிறகுதான் மதம் சாராத பல்கலைக்கழகங்களில் இது காலூன்றியது.

இதைப் படித்து என்ன கிடைக்கும் என்று அடுத்து கேட்பீர்கள். கெய்ரோவில் ஒரு பழைய யூதக் கோயிலில், எழுதிய காகிதத்தைக் குப்பையில் போடக் கூடாது என்று ஓர் அறையில் நூற்றாண்டுக் கணக்கில் போட்டு வைத்திருந்தார்கள். 1896–97இல் சாலமன் ஷெக்டர் என்ற கேம்பிரிட்ஜ் அறிஞர் அதில் சுமார் இரண்டு லட்சம் துண்டுகளைக் கேம்பிரிட்ஜுக்குக் கொண்டுபோனார். அதிலிருந்துதான் ஆபிரகாம் பென் யிஜு கிடைத்தார், துனிசியாக்காரர், 12ஆம் நூற்றாண்டில் மங்களூரில் தங்கி மிளகு, இரும்பு வியாபாரமும் வெண்கலப் பட்டறையும் நடத்தியவர். ஆஷு என்ற அடிமைப் பெண்ணை விடுதலை செய்து 1132இல் மங்களூரில் அவர் எழுதிய பத்திரம் இன்றும் இருக்கிறது. ஏமன் நாட்டுத் துறைமுகமான ஏடனிலிருந்து வந்த கடிதங்களின் காலி இடத்தில் தன் கணக்கையும் கவிதை வரைவையும் எழுதியிருக்கிறார், இந்தக் கரையில் காகிதத்துக்கு அவ்வளவு தட்டுப்பாடு. இதில் பெரும்பாலான கடிதங்கள் அரபு மொழி, ஆனால் எபிரேய எழுத்து. அரபு மட்டும் தெரிந்தவருக்கு எழுத்து புரியாது, எபிரேயம் மட்டும் தெரிந்தவருக்கு மொழி புரியாது. இரண்டையும் சொல்லிக்கொடுக்க ஒரு வகுப்பறை வேண்டும், அதில் எந்தக் காலத்திலும் 15 பேர் உட்காரப் போவதில்லை. நம் மேற்குக் கரையின் மிளகுக் கணக்கைத் தெரிந்துகொள்ள அந்த நாலு பேரைத்தான் நம்பியிருக்கிறோம்.

கேள்வி: எபிரேய பைபிளில் தமிழ்ச் சொல் இருக்கிறதாமே? – வாசகர், நாகர்கோவில்

பதில்: சாலமன் அரசனுக்குக் கப்பலில் வந்த மயிலுக்கு ‘துக்கி’ என்று இருக்கிறது, அதை நம் ‘தோகை’யோடு சேர்த்துச் சொல்கிறவர்கள் பல அறிஞர்கள். ஒரு சொல்தான், தலையில் தூக்கி வைத்து ஆட வேண்டாம்.

கேள்வி: இருந்தாலும் நாலு பேருக்காக மக்கள் வரிப்பணத்தைச் செலவழிப்பது நியாயமா? – வாசகர், சேலம்

பதில்: கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் அந்த நாலு பேருக்கு என்ன செலவு என்று பாருங்கள். பேராசிரியர்கள் வரலாற்றுத் துறையிலோ சமயத் துறையிலோ சம்பளம் வாங்குகிறவர்கள், மேஜர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அந்தச் சம்பளம் போகும். மேஜரை நிறுத்தினால் மிச்சமாவது பெரும்பாலும் ஓர் ஆள், ஒப்பந்தத்தில் எபிரேயமோ இட்டிஷோ (கிழக்கு ஐரோப்பிய யூதர்களின் மொழி) சொல்லிக்கொடுக்கிற மொழி ஆசிரியர். அவர் போனால் முதலாண்டு மொழி வகுப்பு எப்படியாவது தப்பும், இரண்டாம் ஆண்டு, மூன்றாம் ஆண்டு போய்விடும். கையெழுத்துப் பிரதியை வாசிக்க ஆரம்பிப்பதே மூன்றாம் ஆண்டில்தான்.

நான் படித்த கல்லூரியிலும் (பெயர் வேண்டாம்) இப்படி ஒரு விருப்பப் பாடம், கல்வெட்டு வாசிப்பு. மூன்று பேர்தான். சார் வகுப்பறைக்கே வரமாட்டார், தன் அறையில் மேசை மேல் மைப்படியை (கல்வெட்டைத் தாளில் மையால் எடுத்த படி) விரித்துப்போட்டு, நாலு மூலைக்கும் டீ டம்ளரை வைத்துக்கொண்டு சொல்லிக்கொடுப்பார். அடுத்த வருடம் ஆள் போதவில்லை என்று நிறுத்திவிட்டார்கள், இன்றுவரை திறக்கவில்லை.

வெளியிலிருந்து பணம் வந்து பிழைத்த கதையும் உண்டு. ஜெர்மனியில் கொலோன் பல்கலைக்கழகத் தமிழ்ப் பிரிவு நின்றுவிடும் என்ற நிலை வந்தபோது, 2021இல் தமிழ்நாடு அரசு 1.25 கோடி ரூபாய் தருவதாக அறிவித்தது. அப்போது அங்கே எத்தனை மாணவர் என்று சேலத்திலிருந்து யாரும் எனக்குக் கடிதம் போடவில்லை.