ஊர் மக்களே பணம் திரட்டிக் கண்மாயைச் சீரமைப்பதென்றால் எந்த வேலையில் தொடங்க வேண்டும்?

கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுவரும் கால்வாயான வரத்துக்காலில் தொடங்குங்கள். பணம் சேர்ந்ததும் ஜேசிபியைக் கண்மாய்க்குள் இறக்குவதுதான் வழக்கமாக நடக்கும் தவறு. ஒரு ஏக்கரில் ஓரடி ஆழம் வெட்டினால் 43,560 கன அடி மண் வரும். இரண்டு யூனிட், அதாவது 200 கன அடி கொள்ளும் டிப்பரில் சுமார் 218 நடை. வெட்டிய மண் பொலபொலவென்று பருத்துவிடுவதால் இன்னும் கூடும். 50 ஏக்கர் கண்மாய்க்கு எந்த ஊர் வரி காணும்? அப்படியே கண்டாலும், வரத்துக்கால் அடைபட்டிருந்தால் வெட்டிய பள்ளத்துக்குத் தண்ணீரே வராது.

ஆயக்கட்டு, அதாவது கண்மாயால் பாசனம் பெறும் நிலம், 40 ஹெக்டேருக்கு மேல் என்றால் கண்மாய் நீர்வளத்துறையுடையது, அதற்குக் கீழ் ஊராட்சி ஒன்றியத்துடையது. அவர்களிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். பிறகு புல வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு கால்வாயை முழுக்க நடந்து பாருங்கள். நில அளவையர் வந்து அளந்து கல் நடாமல் ஆக்கிரமிப்பில் கை வைத்தால் வேலை வழக்கில் போய் நிற்கும். மேலே உள்ள ஊரின் கண்மாய் நிரம்பி வழியும் மறுகால் தண்ணீர்தான் உங்களுக்கு வரத்து என்றால் அந்த ஊராரையும் உட்கார வைத்துப் பேசியாக வேண்டும்.

அடுத்து, வயலுக்குத் தண்ணீர் திறக்கும் மடையும், மிகுதித் தண்ணீர் வழிந்தோடும் கலுங்கும். கூடுதலாகத் தண்ணீர் தேக்கலாம் என்று கலுங்கின் மேல் மணல் மூட்டை அடுக்காதீர்கள். பெருமழையில் தண்ணீர் கரையைத் தாண்டி வழிந்து உடைப்பெடுக்கும். கரையில் நிற்கும் சீமைக்கருவேலை வெட்டினால் மறுபடி துளிர்க்கும். வேரோடு எடுத்து, குழியில் ஈரமண்ணை அரையடி அரையடியாகப் போட்டு இடித்து இறுக்க வேண்டும். வேர் உள்ளேயே மக்கினால் அந்தத் துளை வழியே கசிவு தொடங்கும். கரை உயர்த்த வண்டல் ஆகாது. இவ்வளவும் வடகிழக்குப் பருவமழைக்கு முன் முடிய வேண்டும்.

தூர்வாருவது கடைசி. கரையின் அடியை ஒட்டித் தோண்டினால் கரை சரியும், தள்ளியே வெட்டுங்கள். மடையின் அடிமட்டத்துக்குக் கீழே தோண்டிய ஆழத்தில் நிற்கும் தண்ணீர் கிணறுகளுக்கும் மாடுகளுக்கும் உதவும், வயலுக்குப் பாயாது. வண்டல் வேண்டிய விவசாயிகள் வட்டாட்சியர் அனுமதி பெற்றுத் தங்கள் செலவிலேயே அள்ளட்டும். ஊர்ப் பணம் மிச்சம்.

குழுவில் நிலம் உள்ளவர்களை மட்டும் போட்டால் வேலை நிலைக்காது. பாசனத்தின் கடைசியில் நிலம் உள்ள கடைமடைக்காரர், ஆடுமாடு மேய்ப்பவர், பெண்கள் எல்லோரும் இருக்க வேண்டும். தண்ணீர் குறைந்த ஆண்டில் முதல் சண்டை கடைமடையில்தான் வெடிக்கும், ஆகவே யாருக்கு எப்போது தண்ணீர் என்ற முறைத்தண்ணீர்க் கணக்கை இப்போதே எழுதி வையுங்கள். வரியை ஏக்கர் கணக்கில் போடுங்கள். நிலமில்லாதவரிடம் இலவச உழைப்பு கேட்பது நியாயமில்லை, அவர்களுக்குக் கூலி கொடுக்க வேண்டும். மடையைத் திறந்து தண்ணீர் பாய்ச்சும் நீர்ப்பாய்ச்சிக்கு அறுவடையில் நெல்லாகக் கொடுக்கும் வழக்கம் உங்கள் ஊரில் அற்றுப்போயிருந்தால் அதை மீட்டெடுங்கள். மடையைத் திறந்து மூடப் பொறுப்பான ஆள் இல்லாத கண்மாயில் ஆளாளுக்குத் திறந்து பலகையை உடைத்துவிடுவார்கள்.

வரவு செலவைக் கிராம சபையில் வாசியுங்கள். வரத்துக்காலில் ஆண்டுதோறும் புதர் மண்டும், எனவே திரட்டிய பணத்தில் ஒரு பங்கை அடுத்த ஆடி, ஆவணி வேலைக்கென்று முதலாண்டிலேயே ஒதுக்கிவிடுங்கள்.