அவள் கேட்பது கருவியல், நீங்கள் வாங்கப் பார்ப்பது டாக்டர் பட்டம்

போன வாரம் ஒரு அம்மாவும் அப்பாவும் மேற்படிப்புக்கு யோசனை கேட்டு மகளோடு என்னிடம் வந்தார்கள். மருத்துவத்துக்கு மதிப்பெண் குறைகிறது, வீட்டை அடகு வைத்தாவது சேர்த்துவிடலாம் என்று பெரியப்பா சொல்கிறாராம். நானும் முதலில் "பயப்படாதீர்கள்" என்றுதான் ஆரம்பித்தேன். அப்புறம் அந்தப் பெண்ணிடம் உனக்கு என்னம்மா பிடிக்கும் என்று கேட்டேன். "கருவில் எந்தப் பக்கம் தலை, எந்தப் பக்கம் வால் என்று எப்படி முடிவாகிறது?" என்று திருப்பிக் கேட்டாள். அதோடு சமாதானம் பேசுவதை நிறுத்திவிட்டு, பெற்றோரிடம் சொன்னது இதுதான்.

வீட்டை அடகு வைக்காதீர்கள். நோயாளிகளைப் பார்க்க விருப்பமில்லை என்று அவளே சொல்கிறாள். மற்ற படிப்புகளைப் பற்றி உறவினர்கள் சொல்லியிருப்பார்கள், அதை விடுங்கள்.

அவள் கேட்ட கேள்விக்கென்றே ஒரு துறை இருக்கிறது, ஸ்டெம் செல்களைக் கொண்டு, அதாவது உடலின் பல வகை செல்களாக மாறக்கூடிய செல்களைக் கொண்டு, கருவின் ஆரம்ப நாட்களை ஆய்வகத்தில் உருவாக்கிப் பார்ப்பது. சுண்டெலியின் ஸ்டெம் செல்கள் சுமார் 300 எடுத்து வட்ட அடியுள்ள சின்னக் குழியில் விட்டால் இரண்டு நாளில் உருண்டையாகச் சேரும், மூன்றாம் நாள் மட்டும் ஒரு வேதிப்பொருள் கொடுத்து எடுத்துவிட்டால், ஐந்தாம் நாளுக்குள் அந்த உருண்டை தானே நீண்டு முன், பின் என்று பிரிந்து நிற்கும். இதற்கு கேஸ்ட்ருலாய்டு என்று பெயர், 2014-இல் வந்தது. 2018-இல் பிளாஸ்டாய்டு, கருப்பையில் பதிவதற்கு முந்தைய கருவைப் போன்ற மாதிரி. 2022-இல் துடிக்கும் இதயத் திசுவரை வளர்ந்த சுண்டெலி மாதிரிகள். இவை எதுவும் குட்டியாகப் பிறப்பதில்லை. மனித மாதிரிகளைக் கருப்பையில் வைக்கக் கூடாது என்று சர்வதேச வழிகாட்டுதலே தடுக்கிறது.

கரு கருப்பையில் பதிந்த உடனே வரும் நாட்களில் நடப்பதைக் கண்ணால் பார்க்க வழியில்லை, பல கர்ப்பங்கள் அந்த நாட்களில்தான் கலைகின்றன. கர்ப்பிணிகள் சாப்பிட்ட தாலிடோமைடு மாத்திரையால் ஆயிரக்கணக்கான குழந்தைகள் கை கால் குறையோடு பிறந்தார்கள், எலிகளிலோ அந்தப் பாதிப்பு சரியாகத் தெரியவே இல்லை. மனித செல்லில் செய்த மாதிரிகள் ஏன் வேண்டும் என்று இதிலிருந்தே புரியும்.

வேலை சுலபமில்லை. பண்டிகை நாளிலும் செல்லுக்கு மீடியா, அதாவது அது வளரும் சத்துத் திரவம், மாற்ற வேண்டும், ஒரு துளி கிருமி போனால் எல்லாவற்றையும் கொட்டிவிட வேண்டும், ஒரு குழியில் வந்த வடிவம் பக்கத்துக் குழியில் வராமல் போகலாம். பாதி வேலை கணினியில் படங்களை அளப்பது, ஆகவே முதல் வருடத்திலிருந்தே புள்ளியியலும் பைத்தான் என்ற கணினி மொழியும் படிக்கட்டும்.

சாதாரண உயிரியல் பட்டம் போதும். 'ஸ்டெம் செல்' என்று பெயர் வைத்த தனியார் சான்றிதழ் வகுப்புகளுக்குக் காசு கட்டாதீர்கள். முனைவர் படிப்புக்குப் பல நாடுகளில் உதவித்தொகை உண்டு, அது கிடைக்காத இடத்துக்குக் கடன் வாங்கிப் போகவே கூடாது. பத்து வருடம் ஆகும், பேராசிரியர் பதவிகளும் குறைவுதான். ஆனால் செல் வளர்க்கத் தெரிந்த கைகளை மருந்து நிறுவனங்களும் கருத்தரிப்பு மையங்களும் தேடுகின்றன.

பெரியப்பாவிடம் நீங்களே பேசுங்கள், பெண்ணை முன்னால் நிறுத்தாதீர்கள். இந்த விடுமுறையில் ஒரு பல்கலைக்கழக செல் வளர்ப்பு ஆய்வகத்தில் இரண்டு வாரம் கூட நின்று பார்க்க அனுமதி கேளுங்கள். தினமும் மீடியா மாற்றுவதைப் பார்த்துவிட்டு வந்தும் அதே கேள்வியைக் கேட்டாளானால் விண்ணப்பம் போடுங்கள்.