ஆசிய வெப்பமண்டலக் காடுகளில் ஆதிக்கம் செலுத்தும் மரம் எது? அதை விதையிலிருந்து வளர்ப்பது ஏன் கடினம்?

ஒரு மரத்தைச் சொல்வதைவிட ஒரு குடும்பத்தைச் சொல்வதுதான் சரி: டிப்டிரோகார்ப்பேசியே. 'இரு சிறகுக் கனி' என்பது அந்தக் கிரேக்கப் பெயரின் பொருள். தமிழில் குங்கிலியக் குடும்பம் என்றால் எளிதில் புரியும். குங்கிலியம் இந்த மரங்களின் பிசின்தான். மேற்குத் தொடர்ச்சி மலையின் வெள்ளைக் குங்கிலியம், வட இந்தியாவின் சால், மலேசியாவின் மெராந்தி, பிலிப்பைன்ஸின் லவான் எல்லாமே இதில் அடக்கம். போர்னியோ தீவில் மட்டும் 250க்கும் மேற்பட்ட இனங்கள் உண்டு. அங்கே மலேசியாவுக்குச் சொந்தமான சபா மாநிலத்தின் டானம் பள்ளத்தாக்கில் நிற்கும் மஞ்சள் மெராந்தி ஒன்றை 2019இல் உச்சிவரை ஏறி அளந்தார்கள்: 100.8 மீட்டர்.

இவ்வளவு உயரத்தில் இலையைப் பார்த்து இனம் காண முடியாது. தரையில் கிடக்கும் காயைத் தேடுங்கள். பூவின் புல்லி இதழ்களே நீண்டு சிறகாகியிருக்கும். இரண்டு நீளச் சிறகு என்றால் பெரும்பாலும் டிப்டிரோகார்ப்பஸ் அல்லது ஹோப்பியா பேரினம். மூன்று நீளம், இரண்டு குட்டை என்றால் ஷோரியா. ஐந்தும் ஒரே அளவு என்றால் கற்பூரம் தரும் டிரையோபெலனாப்ஸ். வெள்ளைக் குங்கிலியத்துக்குச் சிறகே கிடையாது, காய் கனத்துத் தொப்பென்று விழும்.

ஆதிக்கத்துக்கு இரண்டு காரணங்களை முக்கியமாகச் சொல்வேன். ஒன்று, வேர் நுனிகளை உறைபோல் மூடி, சத்துக் குறைந்த மண்ணிலும் உணவு தேடித் தரும் பூஞ்சைகள். இன்னொன்று, கூட்டுக் காய்ப்பு. தென்கிழக்காசிய மழைக்காடுகளில் பல ஆண்டுகள் சும்மா நின்றுவிட்டு, பெரும்பாலும் எல் நினோ வறட்சியை ஒட்டி, பல இனங்கள் ஒரே பருவத்தில் பூக்கும். காட்டுப்பன்றியும் வண்டும் எவ்வளவு தின்றாலும் மிச்சம் முளைக்கும்.

சிக்கலும் இங்கேதான். இந்த விதைகளுக்கு உறக்கநிலை இல்லை. சால் விதையின் உயிர் ஏறக்குறைய ஒரு வாரம். நெல், கேழ்வரகு போலக் காயவைத்துச் சேமிக்கலாம் என்று வெயிலில் பரப்பினால் செத்துவிடும். குளிர்பெட்டியில் வைத்தாலும் பெரும்பாலானவை பிழைக்காது. மண்ணுக்குள் விதை இருப்பும் சேராது. காய்ப்பதற்கு முன் தாய் மரங்களை வெட்டினால், ஏற்கெனவே முளைத்து நிற்கும் நாற்றுகளைத் தவிர அந்த இடத்தில் அடுத்த தலைமுறைக்கு வழியில்லை.

ஆகவே, உதிர்ந்த ஓரிரு நாளில் பொறுக்குங்கள். துளை விழுந்தவற்றில் வண்டுப் புழு இருக்கும், கழித்துவிடுங்கள். ஈரச் சாக்கில் காற்றோட்டமாக எடுத்துச் செல்லுங்கள். பிளாஸ்டிக் பையில் இறுகக் கட்டினால் சூடேறி அழுகும். சிறகை ஒடித்து, ஒடித்த பக்கம் மேலே இருக்கும்படி பாதி மட்டும் புதையுங்கள். முளைவேர் எதிர்முனையில்தான் வரும். தலைகீழாக வைத்தால் வேர் வளைந்துவிடும். நாற்று வளர்க்கும் மண் கலவையில் பத்தில் ஒரு பங்கு தாய் மரத்தடி மண் சேருங்கள், பூஞ்சை அதில்தான் வரும். பாதி நிழல் போதும். 30 முதல் 50 செ.மீ. வளர்ந்ததும் நிழலைப் படிப்படியாகக் குறைத்து, மழை தொடங்கும்போது நடலாம்.

காய்ப்பே இல்லாத ஆண்டில், காட்டில் தானாக முளைத்த சாணளவு நாற்றைப் பிடுங்கி வளர்ப்பதுதான் வழி, வனத்துறை அனுமதியோடு. இலைகளைப் பாதியாக நறுக்கி, சில வாரம் பாலித்தீன் கூடாரத்துக்குள் ஈரமாக வைக்க வேண்டும். நறுக்காமல் நட்டால் அறுபட்ட வேர் இலைக்கு ஈடுகொடுக்காது, வாடிவிடும்.